மைதானத்து வழக்கு மன்றம்

கல்கத்தா நகரத்துக்கு வருகை தரும் நம்மவர் காண விரும்பும் இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. காளிகட்டம், தட்சிணேசுவரம், கங்கைக்கு அக்கரையில் பேலூர் மடம், விக்டோரியா மண்டபம், ஹௌராப் பாலம், பொருட்காட்சிச்சாலை, மிருகக்காட்சிச்சாலை என்று அவ்வரிசை நீளும். ஊரிலிருந்து மாமனார் வந்தாலும் மைத்துனர் வந்தாலும் இவற்றைச் சுற்றிக் காட்டி, கடைசி நாளில் ரசகுல்லா டின் இரண்டை வாங்கிக் கையில் கொடுத்து, சென்னை மெயிலில் ஏற்றி வழியனுப்பிவிடுகிறோம். இவ்விடங்கள் யாவும் காணத்தக்கவையே. ஆயினும் இந்நகரத்து மக்களின் உள்ளத்தைக் காண விரும்புவோர் போக வேண்டிய இடம் ஒன்று இவ்வரிசையில் சேராமல் நிற்கின்றது. மைதானத்துக் கால்பந்தாட்டக் களமே அது.

கால்பந்தாட்டத்தில் பற்றில்லாதவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று சகோதரிகள் சிலர் கேட்கக்கூடும். ஆட்டத்தைக் காண்பதற்காக மட்டும் நாம் அழைக்கவில்லை. ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். அதைப் பற்றிய பேச்சுத்தான் முடிவதில்லை. அந்தப் பேச்சைக் கேட்க வாருங்கள் என்றே அழைக்கின்றோம். நம் ஊர்த் திண்ணையைப் போல வங்காளத்து வீடுகளின் முன்னே 'ரோயாக்' என்ற மேடை உண்டு. அதில் உட்கார்ந்து நிகழ்த்தும் ஓயாத உரையாடலுக்கு 'அட்டா' என்று பெயர். மைதானமே இந்நகரின் மிகப் பெரிய திண்ணை என்றால் மிகையாகாது.

இடத்தின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுவோம். பிளாசிப் போருக்குப் பின் 1758ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்கு வெட்டவெளி வேண்டுமென்று சுற்றிலும் இருந்த காட்டை அழித்தார்கள். அவ்வாறு உண்டான வெளியே மைதானம். பரப்பு ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர். நிலம் இன்றும் இராணுவத்தின் பொறுப்பில் இருப்பதால், அங்கே விளையாட்டுச் சங்கங்கள் நிலையான கட்டடம் எழுப்ப அனுமதி இல்லை. அதனால் எவ்வளவு புகழ் பெற்ற சங்கமாயினும் அதன் இருப்பிடத்தை இன்றும் 'டென்ட்' என்றே சொல்கிறார்கள். நூற்றாண்டு கண்ட சங்கங்கள் பெயரளவிலேனும் கூடாரத்தில் குடியிருக்கின்றன! வாடகை வீட்டில் காலங்கழிக்கும் நம் போன்றோருக்கு இச்செய்தி ஒருவகை ஆறுதல் தரும்.

லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் அன்பர்கள் காளிகட்டம் மெட்ரோ நிலையத்தில் ஏறி எஸ்பிளனேடில் இறங்கலாம். ஹௌராவில் வந்து இறங்குவோருக்கு 2024 மார்ச் முதல் கங்கைக்கு அடியிலேயே மெட்ரோ வண்டி ஓடுகின்றது. எஸ்பிளனேடில் இறங்கி மேற்கு நோக்கி நடந்தால் போதும். வழி கேட்க வேண்டியதில்லை. ஆட்ட நாட்களில் சிவப்பும் பொன்னும் கலந்த சட்டைகளோ, பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்த சட்டைகளோ முன்னே போய்க்கொண்டிருக்கும். அவற்றின் பின்னே போகலாம். ஈடன் தோட்டத்தை அடுத்து மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று சங்கங்களின் களங்களும் நடைதூரத்தில் அமைந்திருக்கின்றன. 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் பெற்ற தற்காப்பு வீரர் கோஷ்டோ பாலின் சிலையும் அங்கே நிற்கின்றது. 1962இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர்.

இம்மூன்று சங்கங்களின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் மைதானத்துப் பேச்சைப் புரிந்துகொள்ள இயலாது. மோகன் பகான் 1889இல் தோன்றியது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. வெள்ளையரை அவர்கள் ஆட்டத்திலேயே வெல்லலாம் என்று நாடு கண்டுகொண்ட நாள் அது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1891இல் தோன்றி, 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கல்கத்தா லீகை வென்றது.

ஈஸ்ட் பெங்கால் தோன்றிய வரலாறு நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. 1920இல் ஜோராபகான் என்ற சங்கம் மோகன் பகானுடன் ஆடவிருந்தபோது, சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை அணியிலிருந்து நீக்கியது. சங்கத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி அவரைச் சேர்க்கும்படி வேண்டினார். அவர் சொல் ஏறவில்லை. மனம் நொந்து வெளியேறிய அவர், நண்பர் சிலருடன் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளில் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே ஈஸ்ட் பெங்கால். ஓர் ஆட்டக்காரர் ஆடத் தகுதியுள்ளவரா இல்லையா என்ற வாக்குவாதத்திலிருந்து நூற்றாண்டு வாழும் ஒரு சங்கமே பிறந்திருக்கிறது. இவ்வூரில் அத்தகைய வாக்குவாதத்தை யாரும் சிறிதென்று எண்ணாமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

1947இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து வீடும் நிலமும் இழந்து வந்தவர்கள் பலருக்கு இந்தச் சங்கத்தின் கொடியே ஊர் நினைவாயிற்று. அவர்கள் 'பாங்கால்', இங்கேயே பரம்பரையாக இருந்தவர்கள் 'கொட்டி'. ஈஸ்ட் பெங்கால் வென்றால் வீட்டில் இலிஷ் மீன்; மோகன் பகான் வென்றால் இறால். மீன் உண்ணாத நம் வீட்டாருக்கு வெற்றியை எதைக் கொண்டு கொண்டாடுவது என்பதே தொல்லை. நாம் ஜாங்கிரி வாங்கிச் சமாளிக்கிறோம்.

தென்னாட்டவருக்கும் இம்மைதானத்தில் பங்கு உண்டு என்பதை நம் குழந்தைகள் அறிய வேண்டும். 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஈஸ்ட் பெங்காலின் முன்னணியில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் வங்காளிகள் 'பஞ்ச பாண்டவர்' என்று போற்றினர். ஐவரும் தென்னாட்டவர். நமக்கு நெருங்கிய காலத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ராமன் விஜயன் ஈஸ்ட் பெங்காலுக்காக ஆடியவர்; 1997–98ஆம் பருவத்துத் தேசிய லீகில் எல்லோரையும்விட அதிகமான கோல்களை அடித்தவரும் அவரே. மைதானத்தில் நம்மை 'மதராஸி' என்று அழைப்போர் இன்றும் உண்டு. விஜயன் பெயரைச் சொன்னால் உட்கார இடம் நகர்ந்து கொடுப்போரும் உண்டு.

இனி, நாம் கண்ட ஒரு வழக்கைச் சொல்லுவோம். சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எதிர்வீட்டு அன்பரும் நாமும் லீக் ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். ஒருபுறம் பெரிய சங்கம். மறுபுறம் சிறிய சங்கம். எந்தச் சங்கம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நம் மாத இதழின் ஆசிரியருக்குக் கடிதங்கள் குவிந்துவிடும். அண்மை ஆண்டுகளில் இந்த லீகில் பெரிய சங்கங்கள் பெரும்பாலும் இளைஞர்களையே இறக்குகின்றன. அன்று பெரிய சங்கத்தின் நடுக்களத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஆடினான். பின்னணியிலிருந்து பந்தை வாங்கி, யாருக்கு, எப்பொழுது, எந்த வழியில் கொடுப்பது என்று கணத்தில் முடிவு செய்வது அவன் வேலை. ரயில்வே வழக்கில் சொன்னால், யார்டில் நின்று எந்த வண்டியை எந்தத் தடத்தில் விடுவது என்று தீர்மானிக்கிற வேலை. சரியாகச் செய்தால் யாரும் கவனிப்பதில்லை. தவறினாலோ ஊருக்கே தெரிந்துவிடும்.

முதற்பாதியில், எதிரணியின் தற்காப்பு வீரர் இருவருக்கு நடுவே ஊசியில் நூல் கோத்தது போல் ஒரு பாஸ் கொடுத்தான். முன்னணி வீரன் ஓடிப் பிடித்துக் கோலாக்கினான். பக்கத்திலிருந்த மாணவர் கூட்டம் எழுந்து குதித்ததில் பலகை நடுங்கியது. இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் பாதியில் அவன் அதே இடத்திலிருந்து அதே வகைப் பாஸைக் கொடுத்தான். பந்து சேற்றில் நின்றுவிட்டது. எதிரணியினர் அதை எடுத்துக்கொண்டு நான்கே உதையில் கோல் போட்டார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

ஆட்டம் முடிந்தது, வழக்குத் தொடங்கியது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில், மண் குவளையில் தேநீரும் காகிதப் பொட்டலத்தில் காரப் பொரியுமாக ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மீன் வியாபாரம் செய்பவர் ஒருவர், கல்லூரி மாணவர் மூவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நம்மைப் போன்ற அலுவலக ஊழியர் சிலர். ஒருவர் பெயர் மற்றொருவருக்குத் தெரியாது. யாரும் யாரையும் 'தாதா' என்றுதான் அழைத்தார்கள். வங்காளத்தில் தந்தை வயதுடையவரும் அயலாரை 'அண்ணா' என்று அழைப்பது மரியாதை.

மீன் வியாபாரி வழக்கைத் தொடுத்தார். "தாதா, இரண்டு புள்ளி போயிற்றே, யாரால் போயிற்று? அந்தப் பையனால். சேற்றில் அந்தப் பாஸ் செல்லாது என்று குழந்தைக்கும் தெரியும். பக்கத்தில் நின்றவனுக்குத் தட்டிவிட்டிருக்கலாம். தலைக்கனம்!"

மாணவர் ஒருவர் மறுத்தார். "முதல் கோலுக்கு அவனைத்தானே மெச்சினீர்கள்? அந்தப் பாஸை இந்த நகரத்தில் வேறு யார் கொடுப்பார்? இன்னும் மூன்று ஆண்டில் இவன் இந்தியாவுக்கு ஆடுவான், பாருங்கள்."

"மூன்று ஆண்டா? இவனுக்கு இடதுகால் கிடையாது. ஒவ்வொரு முறையும் வலப்புறமே திரும்புகிறான். இரண்டு ஆட்டத்தில் எல்லா அணியினரும் தெரிந்துகொள்வார்கள்" என்றார் மற்றொருவர்.

"பந்து காலுக்கு வந்த பிறகுதான் தலையை நிமிர்த்துகிறான். வருவதற்கு முன்னே பார்த்துவைத்திருக்க வேண்டும். அதுதான் குறை. கற்றுக்கொள்ளக்கூடிய குறைதான்" என்றார் இன்னொருவர்.

"அவனை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? முன்னணியில் இருந்தவன் அசையாமல் நின்றான். அசையாதவனுக்கு எந்தப் பாஸும் தவறான பாஸ்தான்" என்று நான்காவது குரல் எழுந்தது.

ஓய்வு பெற்ற பெரியவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "கோலான பாஸும் பறிபோன பாஸும் ஒன்றேதான், தாதா. ஒரே கண், ஒரே கால், ஒரே துணிவு. முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம் என்று கேட்க நமக்கு ஆசை. இரண்டாவதுக்காக இன்று அவனை அடித்து அடக்கினால், நாளை முதலாவதையும் கொடுக்க மாட்டான். பக்கத்தில் நிற்பவனுக்கே தட்டிக்கொண்டிருப்பான். வசவு வராது. கோலும் வராது."

மீன் வியாபாரி விடுவதாக இல்லை. "அப்படியானால் எதைச் செய்தாலும் கைதட்ட வேண்டுமா? காசு கொடுத்து மழையில் நனைகிறோம்."

"கைதட்டச் சொல்லவில்லை. குறையைச் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லாதீர்கள்" என்றார் பெரியவர். பிறகு தம் கணக்கை எடுத்துரைத்தார். ஓர் இளைஞனைப் பற்றி முடிவு சொல்வதற்கு முன் அவனை ஐந்து ஆட்டங்களில் பார்க்க வேண்டுமாம். உலர்ந்த தரையில் ஒன்று, சேற்றில் ஒன்று. தன் அணி முன்னே நிற்கும்போது ஒன்று, பின்தங்கி நிற்கும்போது ஒன்று. ஐந்தாவதே முக்கியமானது. ஊரார் வாயில் வசவு வாங்கினானே, அதற்கு அடுத்த ஆட்டம். "அந்த ஐந்தாவது ஆட்டத்தில் அவன் மறுபடியும் பந்தைக் கேட்டு வாங்குகிறானா, அல்லது பந்து வராத இடமாகப் பார்த்து ஒளிகிறானா என்று கவனிப்பேன். என் கணக்கு அங்கேதான் முடியும்" என்றார்.

பிறகு வழக்குக்குச் சாட்சிகள் வரத் தொடங்கினார்கள். மைதானத்தில் இறந்தகாலம்தான் சாட்சி. 1997ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், சால்ட் லேக் விளையாட்டரங்கில் நடந்த பெடரேஷன் கோப்பை அரையிறுதியைப் பெரியவர் நினைவூட்டினார். 1,31,000க்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர் என்பது கணக்கு. மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, 'வைர வியூகம்' என்ற புதிய முறையில் அணியை அமைத்து வெற்றிமேல் வெற்றி கண்டு வந்தார். ஈஸ்ட் பெங்காலின் முன்னணியில் சிக்கிமிலிருந்து வந்த பாய்சுங் பூட்டியா. வயது இருபதுதான். ஆட்டத்துக்கு முன்னே அமல் தத்தா அவர் பெயரைத் திரித்து 'சுங் சுங்' என்று கேலி செய்தார். பத்திரிகைகள் அதைப் பரப்பின. மறுமொழியை அந்த இளைஞர் களத்தில் சொன்னார். மூன்று கோல்கள் அவருடையவை. ஈஸ்ட் பெங்கால் நான்குக்கு ஒன்று என்று வென்றது. இத்தனைக்கும் அமல் தத்தா கால்பந்தாட்ட ஞானத்தில் குறைந்தவர் அல்லர். வங்காளம் போற்றும் ஆசான். ஞானிகளின் நாக்குக்கும் அவசரம் உண்டு என்பதற்காகவே பெரியவர் இதைச் சொன்னார்.

மாணவர்கள் வேறொரு சாட்சியைக் கொணர்ந்தார்கள். சுனில் சேத்ரி 2002ஆம் ஆண்டில் பதினேழு வயதில் மோகன் பகானுக்கு வந்தார். 2005இல் பஞ்சாபின் ஜே. சி. டி. அணிக்குப் போய்விட்டார். அன்று அவர் போனதை எண்ணித் துயரப்பட்டவர் எத்தனை பேர் என்று மாணவர்கள் கேட்டார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை. அதே சேத்ரி 2024 ஜூன் 6ஆம் நாள் இந்நகரத்தில்தான் இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அப்பொழுது அவர் நாட்டுக்காக அடித்திருந்த கோல்கள் 94. மறு ஆண்டில் மீண்டும் அழைக்கப்பட்டு ஆடினார் என்பது வேறு கதை.

நம் பங்குக்கு நாமும் ஒரு சாட்சியைச் சொன்னோம். ரயில்வே ஊழியர்கள் சொல்லாவிட்டால் யார் சொல்லுவார்? பிரதீப் குமார் பானர்ஜி என்னும் பி. கே. பானர்ஜி, மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ ஒரு நாளும் ஆடியவர் அல்லர். அவர் ஆடியது ஈஸ்டர்ன் ரயில்வே அணியில். 1958இல் அந்த அணி பெரிய சங்கங்கள் மூன்றையும் பின்னே தள்ளிக் கல்கத்தா லீகை வென்றது. அதன் பிறகு அம்மூன்றைச் சேராத வேறோர் அணி லீகை வெல்ல 2019 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு வென்ற அணி பீர்லெஸ். பானர்ஜி 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர்; 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் கோல் அடித்துத் தங்கம் பெற்றுத் தந்தவர்களுள் ஒருவர். மேலே சொன்ன 1997ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. பெரிய சங்கத்தின் சட்டையை அணியாமலே பெரியவராகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. "எங்கள் வீட்டுப் பையன் ஐயா அவர்" என்று நாம் பெருமையுடன் முடித்தபோது, மீன் வியாபாரியே நமக்கு இன்னொரு குவளைத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இவ்வளவு நேரமும் உடனிருந்த எதிர்வீட்டு அன்பர் வாயைத் திறக்கவில்லை. கும்பகோணத்துப் பக்கத்தவர், இந்நகரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கெழுதுபவர். அவர் மகனுக்குப் பதினாறு வயது. ஒரு பயிற்சி முகாமில் மூன்று ஆண்டுகளாகப் பந்தாடி வருகின்றான். சில வாரங்களுக்கு முன் அணித் தேர்வு ஒன்று நடந்தது. இருபது நிமிடம் ஆடவிட்டுப் பார்த்து, "உயரம் போதாது, தேற மாட்டான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். 'வந்த இடத்தில் நமக்கு ஏன் இந்த வேலை? படித்து ஒரு வேலையில் அமர்ந்தால் போதும்' என்று, முகாமை அடியோடு நிறுத்திவிடத் தந்தை தீர்மானித்திருந்தார். மனத்தை வேறு வழியில் திருப்பிக்கொள்ளத்தான் அன்று நம்முடன் வந்திருந்தார்.

மழை விட்டுக் கூட்டம் கலையும் தறுவாயில், அவர் பெரியவரை நெருங்கித் தமக்குத் தெரிந்த வங்காளியில் இதைச் சொல்லி, "பையன் தேறுவானா மாட்டானா என்று எப்படித் தெரிந்துகொள்வது, தாதா?" என்று கேட்டார்.

பெரியவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. "அவன் ஆடி நீங்கள் எத்தனை ஆட்டம் பார்த்திருக்கிறீர்கள்?"

அன்பர் பதில் சொல்லவில்லை. அவர் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் காய்கறி, ரேஷன், சங்கக் கூட்டம் என்று அவருக்கு வேலை இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மௌனமாகவே வந்தார். காளிகட்டத்தில் இறங்கியபோது, "ஸார், நாளைக்குக் காலையில் கடைக்கு எனக்கும் சேர்த்து நீங்கள் போய்விட்டு வருகிறீர்களா?" என்று கேட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு மகனுடைய முகாமுக்குப் போனார். கத்தரிக்காய் நாம் வாங்கி வந்தோம். பையன் தேறுவானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தந்தை இதுவரை மூன்று ஆட்டங்கள் பார்த்திருக்கிறார். பையன் மறுபடியும் பந்தைக் கேட்டு வாங்குகின்றான் என்று நம்மிடம் சொன்னார். பள்ளிப்படிப்பும் நிற்கவில்லை. விளையாட்டில் தகுதி காட்டினோருக்கு ரயில்வேயில் தனி இடங்கள் உண்டு. அதற்கு எந்த அளவு ஆட்டங்களில் ஆடியிருக்க வேண்டும் என்பதை அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மைதானத்துப் பேச்சு எப்பொழுதும் தேநீரோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது களத்தில் மூண்ட சச்சரவு பார்வையாளரிடையே பரவியது. இருசாரார் கலந்து உட்கார்ந்திருந்த படிவரிசைகளில் கைகலப்பும் நெரிசலும் உண்டாகிப் பதினாறு பேர் உயிரிழந்தனர். பந்து பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அந்நாளைக் கால்பந்து அன்பர் நாளாக நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் இரத்ததானம் செய்கிறார்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2024 ஆகஸ்டு 18ஆம் நாள் நடக்கவிருந்த இவ்விரு சங்கங்களின் ஆட்டம் கைவிடப்பட்டது. மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொலையுண்டதற்கு நீதி கேட்டு நகரம் கொந்தளித்திருந்த நேரம் அது. அன்று மூன்று சங்கத்து ரஸிகர்களும் சால்ட் லேக் அரங்கின் வெளியே ஒன்றாக நின்று குரல் கொடுத்தார்கள். சண்டையிடத் தெரிந்தவர்களே சேர்ந்து நிற்கவும் தெரிந்தவர்கள் என்று அன்று கண்டோம்.

பிழைப்புக்காக வந்த ஊரில், உள்ளூர் விஷயம் எதிலும் வாயைத் திறக்காமல் ஒதுங்கி வாழ்வதே பண்பு என்று நம்மவரிடையே ஒரு கொள்கை உண்டு. அது பாதி உண்மை. மொழி தெரியாதவனை ஊர் மன்னிக்கும். எதிலும் அக்கறை இல்லாதவனை ஊர் தன்னவனாக எண்ணாது. மைதானத்தில் அபிப்பிராயம் சொல்ல யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. ஆட்டத்தைக் கண்டிருந்தால் போதும். கண்டவன் சொல்லுக்கு மதிப்பு. காணாதவன் சொல்லுக்கு மதிப்பில்லை. நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் சட்டத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். பையன் பரீட்சையில் ஒரு தாளில் குறைந்தாலும், பெண் நடனத்தில் ஒரு மேடையில் தடுமாறினாலும், 'இவ்வளவுதான் இது' என்று நாம் எழுதிவிடும் தீர்ப்புகள் எத்தனை! குறையைச் சொல்வது பெற்றோர் கடமை. தீர்ப்பைத் தள்ளிவைப்பதும் அவர்கள் கடமையே.

இறுதியாகப் போகும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். மழைக்காலமே லீகின் பருவம். குடை கட்டாயம் வேண்டும். ஆட்டங்கள் பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கும். எல்லா ஆட்டங்களும் மைதானத்தில் நடப்பதில்லை. நைஹாட்டி, பாரக்பூர், கல்யாணி முதலிய ஊர்களிலும் நடக்கின்றன. மூன்றும் சீல்டா பிரதான வழியில் உள்ளவை. லோக்கல் வண்டி அடிக்கடி உண்டு. முதல்நாள் நாளிதழில் இடத்தையும் நேரத்தையும் பார்த்துக்கொள்வது நலம். குழந்தைகளை அழைத்துச் செல்வோர், இரு பெரிய சங்கங்கள் மோதும் நாளைத் தவிர்த்து, சிறிய சங்கங்கள் ஆடும் நாளாகத் தேர்ந்தெடுக்கலாம். கூட்டம் குறைவு, பேச்சு அதே அளவு. ஆட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் அரைமணி நேரம் தேநீர்க் கடையருகே நில்லுங்கள். யாரேனும் ஒருவர் "நீங்கள் என்ன சொல்கிறீர்கள், தாதா?" என்று உங்களையும் கேட்பார். கண்டதைச் சொல்லுங்கள்.